மேனேஜருக்கு உடம்பு சரியில்லை

அன்புள்ள பெரியவனுக்கு,

அம்மா எழுதிக்கொள்வது. இங்கே அப்பா, தங்கை, தையல் மெஷின் எல்லாரும் சுகம், என் வலது மணிக்கட்டைத் தவிர. அது மூன்று வாரமாக மாவுக்கட்டுக்குள் ஓய்வெடுக்கிறது. அதனால் நான் சொல்லச் சொல்ல உன் தங்கை எழுதுகிறாள். சொன்னதை மட்டும் எழுது என்று கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறேன். (அண்ணா, அடைப்புக்குறிக்குள் வருவதெல்லாம் நான். கண்ணாடி போடாமல் அம்மாவுக்கு இது தெரியாது. கண்ணாடி என் பையில் இருக்கிறது.) நீ பதறாதே, வழுக்கி விழுந்தேன், அவ்வளவுதான். எதில் வழுக்கினேன் என்பதுதான் நான் சொல்ல வந்த விஷயம். நம் கடைக்கும் பக்கத்து ஜெராக்ஸ் கடைக்கும் நடுவில் மேனேஜர் ஒரு குளம் கட்டி வைத்திருந்தான், அதில்தான். (சாப்பிட்டுக்கொண்டே படித்தால் மன்னிக்கவும், அது தண்ணீர் இல்லை.) கடை வாசலில் படுத்துக்கொண்டு வருகிறவர் போகிறவரையெல்லாம் மேற்பார்வை பார்க்கிற நாய், இத்தனை வருஷத்தில் ஒரு நாளும் வாசலை அசிங்கப்படுத்தியதில்லை. அவன் மேல் தப்பில்லை ராசா, அவனுக்கு உடம்பு சரியில்லை.

இதை உன்னிடம் சொல்லக்கூடாது என்று ஜெராக்ஸ் சித்தி என்னிடம் சத்தியம் வாங்கியிருக்கிறாள். போனில் சொல்லலாம் என்றால் நீ கூப்பிடுகிற நேரம் பார்த்து உன் முகத்தைப் பார்க்க என் தோளுக்குப் பின்னால் வந்து நின்றுவிடுகிறாள். மெசேஜ் அனுப்பட்டுமா என்று உன் தங்கை கேட்டாள். அவள் மெசேஜில் பாதி பொம்மை, மீதி எழுத்துப்பிழை. அதனால்தான் சட்டைப் பார்சலுக்குள் இந்தக் கடிதம். இரண்டு மாதமாகவே மேனேஜர் குண்டா குண்டாகத் தண்ணீர் குடித்தான். "வெயிலுக்குக் குடிக்கிறான்க்கா" என்றாள் சித்தி, நானும் ஆமாம் போட்டேன். அப்புறம் சோற்றை மோந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டான், வாந்தி எடுத்தான், வாயில் ஒரு கெட்ட வாடை. நாய் டாக்டர் ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு, இரண்டு கிட்னியும் முக்கால்வாசி போய்விட்டது, போனது திரும்ப வராது, மிச்சத்தை வைத்து எவ்வளவு தூரம் ஓடுமோ ஓட்டலாம் என்றார்.

வெளியே வந்ததும் நான் ஒரு முட்டாள்தனம் செய்தேன். அவளுக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்று, "விடுடி, நாய்தானே, இன்னொரு குட்டி எடுத்துக்கலாம்" என்று சொல்லிவிட்டேன். அவள் மேனேஜரைத் தூக்கிக்கொண்டு எனக்கு முன்னால் நடந்துவிட்டாள். மறுநாள் அவள் கடையில் 'மெஷின் ரிப்பேர்' என்று அட்டை தொங்கியது. மெஷினுக்கு ஒரு கேடும் இல்லை, பாதி ஷட்டரை இறக்கிவிட்டு உள்ளே உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள். போய்ப் பேச எனக்கு முகமில்லை. மூன்றாம் நாள் யாரோ 'மெஷின்' என்பதை அடித்துவிட்டு 'ஓனர்' என்று எழுதி வைத்திருந்தார்கள். (யாரோ!) அதைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே அவள் வெளியே வர, நான் வாசலில் நிற்க, "என்னக்கா, என்னைத் தூக்கிப் போட்டுட்டு வேற ஓனர் எடுத்துக்கலாமா?" என்றாள். செருப்பால் அடித்த மாதிரி இருந்தது, ஆனால் அதோடு ராசியாகிவிட்டோம்.

அன்றிலிருந்து தினமும் காலையில் நம் கடையில்தான் மேனேஜருக்கு டிரிப். தைத்த உடுப்பு மாட்டுகிற கம்பியில் பாட்டிலைத் தொங்கவிட்டு, பிடரித் தோலைத் தூக்கிப்பிடித்து, தோலுக்கடியில் ஊசியைச் செருக வேண்டும். நாள் முழுக்க ஊசியோடு மல்லுக்கட்டுகிறவள் நான், எனக்கு அது வந்துவிட்டது. என் கை உடைந்ததும் அந்த வேலை சித்தி தலையில் விழுந்தது. முதல் நாள் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு குத்தினாள் பார், இந்தப் பக்கம் நுழைந்த ஊசி அந்தப் பக்கம் வந்து நின்றது, டிரிப் முழுக்க என் மடியில். மேனேஜர் திரும்பி ஒரு பார்வை பார்த்தான், வேலைக்குப் புதிதாக வந்தவளைப் பார்க்கிற மாதிரி. (ஊசி அம்மாவுக்கு ஏறியிருந்தால் அம்மா கிட்னி பளபள என்று ஆகியிருக்கும்.) இப்போது கண்ணைத் திறந்துகொண்டே போடுகிறாள். சாப்பாடுதான் பெரும் பாடு. டாக்டர் கொடுத்த கிட்னி உணவை அவன் தொடவே இல்லை. உன் தங்கைதான் யோசனை சொன்னாள், இவன் கொடுத்ததை என்றைக்குச் சாப்பிட்டான், திருடினதைத்தானே சாப்பிடுவான் என்று. அந்த உணவை என் சாப்பாட்டு டப்பாவில் போட்டு, சித்தி கடை ஸ்டூல் மேல் திறந்து வைத்துவிட்டு, மூன்று பேரும் சுவரைப் பார்த்து நின்றுகொண்டோம். சத்தம் கேட்டது. திரும்பினால் டப்பா காலி, மேனேஜர் ஜெராக்ஸ் மெஷினுக்கடியில் ஒன்றும் தெரியாதவன் மாதிரி படுத்திருக்கிறான். இரண்டு வாரம் அப்படியே ஓடியது. சித்திக்கும் முகம் தெளிந்தது.

நான்கு நாளாகத் திருடவும் அவனுக்குத் தெம்பில்லை. டப்பாவைப் பார்க்கிறான், எழுந்திருக்கவில்லை. டாக்டர் சித்தியைத் தனியாகக் கூப்பிட்டு, இனி ஊசி குத்துவது அவனுக்காக இல்லை, உங்களுக்காகத்தான், வலியில்லாமல் ஒரே ஊசியில் நிம்மதியாக அனுப்பிவைத்துவிடலாம், யோசித்துச் சொல்லுங்கள் என்றாராம். அவள் முடியவே முடியாது என்று வந்துவிட்டாள். நான் காரணம் கேட்டேன். அவள் சொன்னதை அப்படியே எழுதச் சொல்கிறேன். "நான் எப்படிக்கா முடிவெடுக்கிறது? அவன் என் நாய் இல்லையே. பெரியவன் பள்ளிக்கூடப் பையில போட்டுக்கிட்டு வந்து, சித்தி ரெண்டு நாள் வெச்சிருங்க, அப்பாவைச் சரிக்கட்டிட்டு வாங்கிக்கிறேன்னு குடுத்துட்டுப் போனான். அவன் திரும்பி வந்து எங்கேன்னு கேட்டா நான் என்ன சொல்வேன்?" ஒன்பது வருஷம் ஆச்சுடா ராசா! நீ மறந்தே போயிருப்பாய், நாங்களும் மறந்துவிட்டோம். அவள் இன்னும் உன் பொருளைப் பத்திரமாக வைத்துக்கொண்டிருக்கிறாள். அதற்காகத்தான் அவனைத் தினமும் குத்துகிறாள், விட மனசில்லை என்பதால் அல்ல, விடத் தனக்கு உரிமை இல்லை என்று நினைத்து. (இதை எழுதும்போது நான் ஜோக் எதுவும் யோசிக்கவில்லை அண்ணா.)

அதனால் சத்தியத்தை மீறிவிட்டேன், பாவம் என் தலையோடு போகட்டும். பார்சல் கிடைத்த அன்றே, என் போனுக்கு இல்லை, நேராக அவள் போனுக்குக் கூப்பிடு. மேனேஜர் எப்படி இருக்கிறான் என்று ஆரம்பிக்காதே, எல்லாரும் அதைத்தான் கேட்கிறார்கள். நீங்க சாப்பிட்டீங்களா சித்தி என்று கேள். அப்புறம், அவன் உங்கள் நாய், அன்றிலிருந்தே உங்கள் நாய்தான், நீங்கள் என்ன முடிவெடுத்தாலும் சரி என்று உன் வாயால் சொல்லிவிடு. உனக்கும் கஷ்டமாகத்தான் இருக்கும், தெரியும். அவளிடம் பேசி முடித்துவிட்டு என்னிடம் வந்து அழு.

நீலச் சட்டைக்குத் தோள் கொஞ்சம் இறக்கமாக இருக்கும், கை உடைவதற்கு முன்னால் கடைசியாகத் தைத்தது அதுதான். நேரத்துக்குச் சாப்பிடு, ஈரத் தலையோடு வெளியே போகாதே. நல்லா இருப்பா, எந்தக் குறையும் உன்னை அண்டக்கூடாது. ஒன்று மட்டும் மறக்காதே. நீ சொன்னதும் சித்தி அழுவாள். உடனே சமாதானம் சொல்லக் கிளம்பிவிடாதே, போனையும் வைத்துவிடாதே. அழுது முடிக்கிற வரைக்கும் சும்மா கூடவே இரு.

இப்படிக்கு,
இடது கையால் கையெழுத்துப் போடும்
உன் அம்மா