வெள்ளிக்கிழமைக்கு வியாழக்கிழமையே ஜெபம்

பாகோ பாகோ,
ஞாயிறு (தேதிக்கோட்டுக்கு அந்தப் பக்கம் உங்களுக்குத் திங்கள்)

அன்பு மகள் ஃபெட்டுவுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் உன் மாமன் சேஃபோவும் பன்றிகளும் கர்த்தர் கிருபையால் சுகம். நீயும் அழுதே கரைந்துபோகாமல் அத்தை வீட்டில் முழுசாக இருக்கிறாய் என்று நம்புகிறேன்.

போனில் நீ அழுகிறாய், எனக்குச் சிரிப்பு வந்துவிடுகிறது, அதனால்தான் கப்பலில் வரும் தையல்காரி மெலேயிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். ஆசிரியர் பயிற்சித் தேர்வில் ஒருமுறை விழுந்ததற்காக, வெள்ளிக்கிழமை மறுதேர்வு எழுதாமல் வியாழன் ராத்திரிக் கப்பலில் திரும்பி வரப்போகிறாயாமே. அதைக் கேட்டதிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை, கூட்டின முற்றத்தையே கூட்டுகிறேன், கிழங்கை அடுப்பில் வைத்துவிட்டுத் துறைமுகம்வரை போய் எட்டிப்பார்த்துவிட்டு வருகிறேன், கிழங்கெல்லாம் கரி. நம் தீவு அமெரிக்கர் கையில், அதனால் நீ இங்கே படித்தது அமெரிக்க எழுத்து, நீ இருக்கும் ஆப்பியாவில் கேட்பது பிரிட்டிஷ் எழுத்து. 'டிராவல்' பண்ணி முடித்தால் நமக்கு ஒரு எல் போதும், அங்கே இரண்டு வேண்டுமாம், 'ரியலைஸ்' பண்ண நாம் இசட் போட்டால் அவர்கள் எஸ் போடுவார்களாம், இதற்கா ஒருத்தி பெட்டி கட்டுவாள்? உனக்காக இங்கே சாயங்கால ஜெபம் முடிந்ததும் ஆளுக்கொரு வினைச்சொல்லை இரண்டு விதமாகவும் எழுத்துக்கூட்டுகிறோம், தப்பாகச் சொன்னவர் பாத்திரம் கழுவவேண்டும். எனக்கு இங்கிலீஷ் வராது, அதனால் நான்தான் நடுவர். அப்பா ஜெபத்திலேயே, "ஆண்டவரே, எங்களுக்கு ஒரு எல் போதும், எம் மகளுக்கு மட்டும் ரெண்டா குடும்" என்கிறார்.

தினமும் பாத்திரம் கழுவுவது உன் மாமன்தான். நேற்று கழுவிக்கொண்டே, "ஏக்கா, போன தடவை வெள்ளிக்கிழமை பட்டினி கெடந்து ஜெபம் பண்ணோமே, அவங்களுக்கு அன்னிக்கு சனிக்கிழமைல்ல? புள்ள எழுதி முடிச்சே ஒரு நாளாச்சே" என்றான். அப்பா முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும், கூடவே உட்கார்ந்து ஜெபித்த போதகருக்கும் அது தோன்றவில்லை பார். ஆக, போன தேர்வை நீ எங்கள் ஜெபம் வந்து சேருமுன் தனியாகவே எழுதியிருக்கிறாய், அப்படியும் கொஞ்சத்தில்தான் விட்டிருக்கிறாய்.

இந்தமுறை வியாழக்கிழமையே, அதாவது உங்கள் வெள்ளியில், எல்லாரும் பட்டினி. போதகரும் சரி என்றுவிட்டார். நாங்கள் கண்ணை மூடி உட்கார்ந்திருக்கும் நேரத்தில் நீ பெட்டியோடு வந்து நின்றால் உன் மாமன் பசியில் உன்னைத்தான் தின்பான். தோற்றுவிட்டு வா, சேர்ந்து சிரிக்கலாம், எழுதாமல் மட்டும் வராதே மகளே, அப்படி வந்தால் எனக்குச் சிரிக்க வராது.

கர்த்தர் உன் பேனாவோடு இருப்பார். ஞாபகம் இருக்கட்டும், அங்கே இரண்டு எல். காலையில் வயிறாரச் சாப்பிட்டுவிட்டுப் போ, பட்டினி கிடக்க நாங்கள் இருக்கிறோம்.

உன் அம்மா
லோசா