அது குரக்கன்மா இல்லை

இன்று பின்னேரம் கிளினிக்கில் தந்த சத்துமாப் பையின் ஓரத்தைக் கத்தரித்து, மாவைத் தாச்சியில் கொட்டி, மெல்லிய நெருப்பில் பிரட்டினேன். தேங்காய்ப்பூவும் சீனியும் போட்டுப் பிசைந்துகொண்டிருந்தபோது, முற்றத்தில் விளையாடிய மகன் ஓடி வந்து குசினி வாசலில் நின்றான்.

"அன்ரி வந்திட்டாவோ?"

பிசைவதை விட்டு அவனைப் பார்த்தேன். அடுத்த வீட்டில் இருந்த நீ போய் ஒரு வருடத்துக்கு மேலாகிறது. உன்னைக் கேட்பதையே அவன் விட்டிருந்தான். ஏன் அப்படிக் கேட்கிறாய் என்று கேட்டேன். "அன்ரியின்ர உருண்டை மணக்குது" என்றான்.

ஒரு சிறு கட்டியை எடுத்து வாயில் போட்டேன். அதே ருசி. தொண்டையின் ஓரத்தில் கொஞ்சம் கசந்து, பிறகு இனிக்கும் அதே ருசி. நான் தரையில் இருந்துவிட்டேன். மகன் நித்திரையான பிறகு இதை உனக்கு எழுதுகிறேன்.

எனக்குக் கிளினிக்கில் கிடைத்த முதல் சத்துமா இதுதான், உனக்குத் தெரியும். மகன் வயிற்றில் இருந்த காலம் தட்டுப்பாட்டுக் காலம். போகும் போதெல்லாம் மா வரவில்லை என்று சொல்லி, இரும்புச்சத்துக் குளிசையை மட்டும் தந்து அனுப்புவார்கள். அதனால் அந்த மா எப்படி மணக்கும், எப்படி ருசிக்கும் என்று எனக்குத் தெரியாது. எனக்குத் தெரியாது என்பதும் உனக்குத் தெரிந்திருந்தது. இரண்டாவது பிள்ளை வயிற்றில் இருக்கிறது இப்போது. இரத்தம் காணாது என்று மருத்துவமாது சொல்லித் தந்த பையை உடைத்தபோதுதான் எனக்கு விளங்குகிறது. உன் உருண்டையை நீ குரக்கன்மா என்றல்லவா சொன்னாய்.

நீ அவனுக்கு உருண்டை பிடித்துக் கொடுத்த நாட்களை நினைத்துப் பார்க்கிறேன். இவருக்கு மேசன் வேலை நின்றுபோயிருந்தது. உன் அவரும் புளியங்குளம் சந்தியில் கூலிக்கு நின்று, பாதி நாள் வெறுங்கையோடு திரும்பினார். விறகை மிச்சம் பிடிக்க நம் இரண்டு வீட்டுக்கும் ஒரே அடுப்பில் சமைப்போம் என்று சொன்னது நீதான். உன் வீட்டில் சோறு, என் கையால் கறி. வடித்த கஞ்சியிலேயே பசளிக்கீரை அவியும். முருங்கையிலை வறைக்குள் நெத்தலிக் கருவாட்டை இடித்துத் தூவுவோம். கௌப்பிப் பயறு ஊறப்போட்ட அன்று இரண்டு வீட்டுக்கும் பெருநாள். பட்டதாரிப் பெண் என்று நான் எதற்கும் காரணம் சொல்லிக்கொண்டிருப்பேன், இதில் இரும்பு, அதில் புரதம் என்று. "எடி, உன்ர படிப்பைச் சட்டிக்குள்ளை போட்டால் உப்புக் கூடிப்போம்" என்று நீ சிரிப்பாய்.

எல்லாம் சத்துத்தான். மகன்தான் வாயைத் திறக்கவில்லை. கீரையைக் கண்டால் துப்பினான், கௌப்பியைக் கையால் தட்டிவிட்டான். கிளினிக் அட்டையில் அவனுடைய நிறைக் கோடு கீழே இறங்கிய அன்று நான் உன் வீட்டு வாசலில் இருந்து அழுதேன். நீ அவனைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு சொன்னாய்: "உன்ர மோன் கதைக்கத்தான் வாய் வச்சிருக்கிறான். விடு, நான் பாக்கிறன்."

அப்போது உனக்கு நான்காம் மாதம். கிளினிக்கில் கர்ப்பிணிகளுக்கு மட்டும் மா திரும்ப வரத் தொடங்கியிருந்தது, பிள்ளைகளுக்கு இன்னும் இல்லை.

அதற்குப் பிறகு ஒவ்வொரு பின்னேரமும் அவன் உன் வீட்டுக்கு ஓடுவான். வாயைச் சுற்றி மா ஒட்டியிருக்கத் திரும்பி வருவான். என்ன கொடுக்கிறாய் என்று கேட்டேன். குரக்கன்மாவும் உழுத்தம்மாவும் வறுத்துப் பிடித்தது என்றாய். ஒரு முறை ஒன்றை எனக்கும் தந்தாய், நல்லாயிருக்கிறது என்று தின்றேன். நீயும் ஒன்றைத் தின் என்று சொன்னபோது முகத்தைத் திருப்பிக்கொண்டாய். "எனக்கு இனிப்பைக் கண்டால் ஓங்காளிக்குது." மசக்கைக்காரியை யார் வற்புறுத்துவார்கள்?

தாய்க்கென்று தரும் மா எங்கள் பக்கத்தில் தாயின் வாய்க்குள் மட்டும் போனதில்லை. பை வீட்டுக்கு வந்தால் அது வீட்டுக்குரியது. பள்ளிக்கூடத்தால் வாற பிள்ளைக்கு ஒரு உருண்டை, மாமனாருக்குத் தேத்தண்ணியோடு ஒன்று, வந்தவருக்கு ஒன்று. இது எல்லோருக்கும் தெரியும். ஒருத்தரும் பிழையாக நினைப்பதில்லை. ஆனால் நீ வீட்டுக்குக்கூடக் கொடுக்கவில்லை. வேலி கடந்து வந்த என் பிள்ளைக்குக் கொடுத்தாய்.

மகனின் நிறை ஏறியது. கிளினிக்கில் மருத்துவமாது அட்டையைத் தூக்கிக் காட்டி, குறைந்த செலவில் எப்படிப் பிள்ளையைத் தேற்றினேன் என்று மற்றத் தாய்மாருக்குச் சொல்லும்படி கேட்டா. நான் எழும்பி நின்று முருங்கையிலை, நெத்தலி, கஞ்சி என்று விளக்கமாகச் சொன்னேன். நீ பின் வரிசை வாங்கில் இருந்தாய். அந்த மாதத்து மாப் பைகள் உன் மடியில் இருந்தன. மா ஒழுங்காகச் சாப்பிடுகிறீரா என்று அவ உன்னைக் கேட்டதும், "ஓம் மிஸ், ரெண்டு நேரமும்" என்று நீ சொன்னதும் என் காதில் விழுந்தது. திரும்பி வரும்போது சைக்கிளின் பின்னால் இருந்து என் முதுகில் தட்டினாய். "நல்லாச் சொன்னாய். ரீச்சர் மாதிரி."

கடைசி மாதங்களில் நீ வெளிறிப்போனாய். கிணற்றடியில் வாளியை வைத்துவிட்டுக் குந்திவிடுவாய். என்னடி என்று கேட்டால், "உள்ளுக்கை இருக்கிறவ என்னைத் தின்னுறா" என்று சிரிப்பாய். நானும் சிரித்தேன். வவுனியா ஆஸ்பத்திரியில் பிள்ளை பிறந்தது, இரத்தப்போக்கு நிற்கவில்லை, ஏற்கெனவே உடம்பில் இரத்தம் காணாது என்றார்கள். உன் மகள் இப்போது பளையில் உன் அக்காவோடு இருக்கிறாள், நடக்கத் தொடங்கிவிட்டாள்.

நீ போன பிறகு மகன் உருண்டை கேட்டு அழுதான். குரக்கன்மாவும் உழுத்தம்மாவும் வறுத்து நீ சொன்ன மாதிரியே பிடித்துக் கொடுத்தேன். துப்பிவிட்டான். வறுவல் கூடிவிட்டதோ, சீனி குறைந்துவிட்டதோ என்று எத்தனை விதமாகச் செய்து பார்த்தேன். கைப்பக்குவம் என்று நினைத்தேனே தவிர, வேறு ஒன்றும் தோன்றவில்லை.

அந்த மாவை நீயே தின்றிருந்தால் இருந்திருப்பாயா? எனக்குத் தெரியாது. ஒரு மாவால் மட்டும் ஒரு உயிர் நிற்பதுமில்லை, போவதுமில்லை என்று என் படிப்புச் சொல்கிறது. ஆனால் உனக்கென்று மட்டும் வந்த சாப்பாடு அது ஒன்றுதான். அதுவும் உன் வாய்க்குப் போகவில்லை. இன்று தரையில் இருந்தபடி மகனிடம் கேட்டேன், அன்ரி உன்னோடு சேர்ந்து சாப்பிடுவாவா என்று. அவன் யோசிக்கவே இல்லை. "இல்லை. அன்ரி சட்டியை வழிச்சு எனக்குத்தான் தாறவா."

கையை நீட்டிக்கொண்டு நின்றான். உருண்டைகள் தட்டில் இருந்தன. நான் எடுத்துக் கொடுக்கவில்லை. இவர் வந்து பார்த்துவிட்டு, "இஞ்சாரும், அவன் கேக்கிறானெல்லே, ஒண்டைக் குடுமன்" என்றார்.

"இல்லையப்பா. இது எனக்குத் தந்தது."

இவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். பிள்ளை கேட்டுத் தாய் இல்லை என்று சொல்வதை அவர் இந்த வீட்டில் கேட்டதில்லை. நானும் சொன்னதில்லை. மகனுக்கு முட்டை அவித்துத் தருகிறேன் என்றேன். வேண்டாம் என்று கத்தினான், பிறகு கதிரைக்குக் கீழே போய் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டு இருந்தான்.

முதல் உருண்டையைத் தண்ணீர் குடித்து இறக்கினேன். அவன் விசும்புவது கேட்டுக்கொண்டே இருந்தது. உன்னால் அந்தச் சத்தத்தைத் தாங்க முடியாது. என் பிள்ளையின் அழுகையையே தாங்க மாட்டாதவள் நீ. நான் தாங்கிக்கொண்டு தின்றேன். நாளைக்கும் தின்பேன், அவன் பார்க்கப் பார்க்க. என் பிள்ளைகள் இரண்டு பேரும் என்னைக் கோபித்துக்கொள்ள நான் உயிரோடு இருக்க வேண்டும்.

தட்டில் கடைசியாக ஒன்று இருந்தது. எடுத்துத் தின்றேன்.