வந்தவாசியோடு நின்ற நடை

கீர்த்தி அப்பாவுக்கு,

திருவண்ணாமலைக்கு நடந்து கிளம்பிய நீங்கள் சர்க்கரை மாத்திரையை மறந்துவிட்டீர்களே என்று, பஸ் பிடித்து வந்தவாசி வந்தேன். மண்டபத்தில் சாப்பிட்டுக்கொண்டிருந்த உங்கள் குருசாமி என்னைப் பார்த்து விழித்தார்.

“இன்னாம்மா, உனுக்குத் தெரியாதா? வருசா வருசம் அவரு இங்க பொண்ணு வூட்லயே தங்கிக்கினு, நாங்க திரும்பி வர்றப்ப சேந்துக்குவாரு.”

அவரிடம் வழி கேட்டு வந்து, இதை நம் மகள் வீட்டுக்கு எதிர்வீட்டில் உட்கார்ந்து எழுதுகிறேன். வேறு சாதியில் கட்டிக்கொண்டாள் என்று ஐந்து வருடமாக அவள் பெயரைக்கூட என்னைச் சொல்லவிடாத நீங்கள், அவள் குழந்தைக்குச் சோறு ஊட்டுகிறீர்கள். ஜன்னல் வழியாகத் தெரிகிறது. உங்கள் ஜாடைதான்.

நான் அழுததையெல்லாம் பார்த்துக்கொண்டுதானே இருந்தீர்கள்?

உள்ளே வரக் கால் எழவில்லை. மாத்திரையை இந்த வீட்டம்மாவிடம் கொடுத்துவிட்டுப் போகிறேன். விபூதி வேண்டாம். அவர்களைக் கூட்டிக்கொண்டு வாருங்கள். முடியாதென்றால் நீங்களும் வரவேண்டாம்.

அவளைப் பெற்றவள்