உன் ஊரின் சனத்தொகை

சமையலறை அலுமாரிக் கதவின் உட்பக்கத்தில் ஒட்டியிருந்த உன் ஊர் வரைபடத்தை இன்று காலையில் உரித்தெடுத்தேன். யூலை முதலாம் திகதி வந்தால் மொன்றியலில் ஆளுக்காள் பெட்டி கட்டி வீடு மாறுவார்கள். இந்த முறை நாங்களும் மாறுகிறோம். சென்ட் லோரன்ட் வாடகை வீட்டை விட்டு அஹுன்ட்சிக்கில் மகள் வீட்டுக்குப் பக்கத்தில் குடிபோகிறோம். வரைபடத்தின் ஒரு மூலையில் மிளகாய்த்தூள் பட்ட விரல் அடையாளம் இருந்தது. கறி அடுப்பில் இருக்க, உன்னோடு தொலைபேசியில் கதைத்தபடி நான் வைத்த விரல் அது.

உரித்துவிட்டு அப்படியே தரையில் இருந்துவிட்டேன். இவர் வந்து பார்த்து, "என்னப்பா, முழங்கால் பிடிச்சிட்டுதோ?" என்றார். ஓம் என்றேன். முழங்கால் என்று சொன்னால் ஆட்கள் அதற்குமேல் கேட்கமாட்டார்கள்.

நான் ஒருநாளும் கால் வைக்காத உன் சுவிஸ் ஊரை எனக்கு என் தெருவைவிட நன்றாகத் தெரியும். பெரிய நகரத்தில் புறப்படும் ட்ராம் கடைசியாக வந்து நிற்கும் சின்ன ஊர். கீழே ஆறு, மேலே காடு, நடுவில் சரிவில் வீடுகள். குறுக்கே ஒரு ரயில் பாதை. பாதைக்கு மேற்புறம் தோட்டம் வைத்த பழைய வீடுகள். கீழ்ப்புறம் ஆற்றை ஒட்டி உங்களுடைய மாடிக் குடியிருப்புகள். அங்கே தமிழர், துருக்கியர், போர்த்துக்கீசர். நிலத்தில் மூன்றில் ஒரு பங்கு காடு, அதைவிடக் கொஞ்சம் கூட வயலும் புல்வெளியும், மிச்சத்தில்தான் மனிதர். "உலை கொதிக்கிறதுக்குள்ள ஊரைச் சுத்தி வந்திடலாமடி" என்பாய். சொக்லேட் ஊர்க்காரி என்று நான் பகிடி பண்ணினால், "யன்னலைத் திறந்தா மாட்டுச் சாணிதான் மணக்குது. வந்து பார்" என்பாய்.

வந்து பார் என்பாயே தவிர, வரவிடமாட்டாய். "முதல் நான் சுவிஸின்ர சிவத்தப் பாஸ்போட்டோட மொன்றியல்ல வந்து இறங்குவன். அதுக்குப் பிறகு நீ வா." நான் குடியுரிமை எடுத்து வெகுகாலம் ஆகியிருந்தது. நீ இன்னும் அகதி அட்டையோடு இருந்தாய். சரிக்குச் சரியாகத்தான் சந்திக்க வேண்டும் என்பது உன் ரோசம். உன் ரோசத்தோடு யார் மல்லுக்கட்டுவது?

நாம் பிரிந்தது கொழும்பில். வெள்ளவத்தை லொட்ஜ் ஒன்றின் சின்ன அறையில், ஏஜென்சிக்காரன் எப்போது வெளிநாட்டுக்கு அனுப்புவான் என்று சிநேகிதிகள் இருவரும் நாலு மாதம் காத்திருந்தோம். காலையில் பொலிஸ் வந்து தமிழ்த் தலைகளை எண்ணும். லொட்ஜ் முகாமையாளர் இரண்டைக் குறைத்துச் சொல்வார். பொலிஸ் பதிவில்லாத அந்த இரண்டு தலைகள் நாம்தான். மொட்டை மாடியில் காயப்போட்ட படுக்கை விரிப்புகளுக்குப் பின்னால் குந்தியிருப்போம். ஒருநாள் உனக்குத் தும்மல் வரப்பார்க்க, நான் உன் மூக்கை உள்ளங்கையால் பொத்திப் பிடித்தேன். நீ மூச்சுத் திணறி என் கையைக் கடித்தாய். அவர்கள் போன பிறகு, கடித்த இடத்தைத் தடவிக்கொண்டே சொன்னாய்: "கணக்கில வராட்டித் தப்பினம்." சில வாரங்களில் ஏஜென்சிக்காரன் உன்னை ஒரு திசைக்கும் என்னை ஒரு திசைக்கும் ஏற்றிவிட்டான்.

பதினெட்டு வருடம் கழித்துக் குடியுரிமைக்கு எழுதிப் போட்டாய். உங்கள் நாட்டில் முதலில் சொந்த ஊர்மன்றத்தின் முன்னால் போய் இருக்க வேண்டுமாம். எனக்கு அது புதினமாக இருந்தது. நான் கனடாவின் மாகாணங்களைப் பாடமாக்கித் தப்பியவள். உன்னிடம் கேட்கப்போவது ஆற்றின் பெயர், உயர்ந்த இடம், பக்கத்து ஊர்கள், சனத்தொகை. என்னைக் கேள்வி கேட்கச் சொல்லி வரைபடத்தைத் தபாலில் அனுப்பினாய். ஞாயிற்றுக்கிழமைகளில் எனக்குக் காலை, உனக்குப் பின்னேரம். "காட்டுக்கு அங்கால எந்த ஊர்?" என்பேன். பிழைத்தால் விடமாட்டேன். "நீ பெரிய மாஸ்டர்தான்" என்று புறுபுறுத்துக்கொண்டே திரும்பச் சொல்வாய்.

கடைசி ஞாயிறு நீ ஒரு சந்தேகம் கேட்டாய். "எடியே, மன்றம் வீடு வீடாப் போடுற ஊர்த்தாளில சனத்தொகை போட்டிருக்கு. கால்வாசி வெளிநாட்டு ஆக்கள் எண்டும் கிடக்கு. நான் எந்த எண்ணைச் சொல்லுறது?"

ஊர்த்தாள் உன் கையில், ஜெர்மன் உன் வாயில். கேட்டதோ என்னிடம். தெரியாது என்று சொல்லியிருக்கலாம். என் வாய் சும்மா கிடக்குமா? "எங்களை ஆர் ஊர்ச்சனமா எண்ணப்போறாங்கள்? கால்வாசியைக் கழிச்சுச் சொல்லு" என்றேன். நீயும் மறுக்கவில்லை. அந்த மொட்டை மாடியில் குந்தியிருந்த இரண்டு பேருக்கும் அது சரியாகத்தான் பட்டது.

ஊர்மன்றத்தில் நீ கழித்துச் சொன்னாய். உன் முன்னால் மூன்று பேர் இருந்தார்களாம். நடுவில் இருந்த முதியவர், மாட்டுப் பண்ணைக்காரர், மற்றதெல்லாம் சரியாகச் சொன்னவள் இதில் மட்டும் ஏன் பிழைத்தாள் என்று விசாரித்திருக்கிறார். நீங்கள் எங்களை எண்ணுவீர்கள் என்று நினைக்கவில்லை என்றிருக்கிறாய். அவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு, நீங்கள் பதிந்த நாளிலிருந்தே அந்த எண்ணுக்குள் இருக்கிறீர்கள் என்றாராம். ஆனால் மற்ற இருவரும் ஊரோடு இன்னும் பழகவேண்டும் என்று எழுதி, இரண்டு வருடம் கழித்து வரச்சொல்லிவிட்டார்கள்.

அழுவாய் என்று நினைத்துத்தான் தொலைபேசியை எடுத்தேன். நீ சிரித்தாய். "பதினெட்டு வருசமா என்னை எண்ணிக்கொண்டு இருந்திருக்கிறாங்களடி. எனக்குத்தான் தெரியாது." நான் பிழை என்னுடையது என்று தொடங்க, "விடு, பேந்து பாப்பம். அடுத்தமுறை கழிக்காமச் சொல்லுறன்" என்று வாயை அடைத்துவிட்டாய். அதற்குப் பிறகு நேரம் வாய்க்கவில்லை என்று சொன்னால் பொய். எத்தனையோ ஞாயிறுகள் வந்தன. நான் மன்னிப்புக் கேட்கவில்லை.

இரண்டாம் முறை தேறினாய். பாஸ்போட் கைக்கு வந்த மாதத்திலேயே வயிற்றில் கட்டி என்றார்கள். நான் உடனே வாறன் என்றேன். "நான்தான் வருவன். பொறு" என்றாய். பொறுத்தேன். அது என் இரண்டாவது பிழை. அந்த இரண்டு வருடம் வீணாகாமல் இருந்திருந்தால், ஒரு கோடையாவது என் வீட்டில் வந்து நின்றிருப்பாய். விதி என்று இவர் ஆறுதல் சொல்கிறார். விதியாவது மண்ணாவது, சொன்னது என் வாய்.

போன வருட முடிவில் உன் மகள் ஊர்த்தாளின் பக்கத்தைப் படமெடுத்து அனுப்பினாள். இறந்தவர் வரிசையில் இரண்டு சுவிஸ் பெயர்களுக்கு நடுவே உன் நீளப் பெயர் இருந்தது. சனத்தொகை முந்திய வருடத்தைவிடச் சற்றுக் கூடியிருந்தது. எனக்கு அந்தத் தாளின்மேலேயே கோபம் வந்தது. நீ போன வருடத்தில் எப்படிக் கூடலாம்?

இந்த வசந்தத்தில் இங்கேயும் சனத்தொகைக் கணக்கெடுப்புக் கடிதம் வீட்டுக்கு வீடு வந்தது. கீழ்வீட்டில் கிளிநொச்சிப் பக்கத்துப் பெண் ஒருத்தி கைக்குழந்தையோடு இருக்கிறாள். அகதி வழக்கு இன்னும் விசாரணைக்கு வரவில்லை. அவள் குழந்தையையும் கடிதத்தையும் தூக்கிக்கொண்டு மேலே ஏறி வந்தாள்.

"அன்ரி, இது பிழையா வந்திட்டுது. எங்களுக்கு இன்னும் ஒரு முடிவும் வரேல்லை. எறியட்டோ?"

ஓம் என்ற சொல் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. வாயை மூடிக்கொண்டு கடிதத்தை வாங்கி இரண்டு தரம் வாசித்தேன். அப்போதும் என்னை நம்பாமல், அதில் இருந்த இலக்கத்துக்கு அழைத்துக் கேட்டேன்.

"பிழை இல்லைப் பிள்ளை. வழக்கு நடக்கிற ஆக்களையும் எண்ணுவினம். உன்ர பேரை எழுது."

"இவளையுமோ?" என்று மடியில் இருந்த குழந்தையைப் பார்த்தாள்.

"ஓம். இவளையும்."

அவள் கைத்தொலைபேசியில் படிவத்தைத் திறந்து, குழந்தையின் பெயரை ஒவ்வோர் எழுத்தாய்த் தட்டினாள். சரியோ என்று என்னிடம் காட்டினாள். சரி என்றேன். அவள் குனிந்து மற்றக் கேள்விகளுக்குப் போன பிறகு, உன்னிடம் சொல்லாமல் விட்டதை அவளுக்கு முன்னால் நின்று மனதுக்குள் சொன்னேன். நான்தானடி உன்னைக் கழிக்கச் சொன்னனான். என்னை மன்னிச்சுக்கொள்.