அம்மாவுக்குப் படைத்த சுஷி

ஏழாயிரம்பண்ணை

அன்பு மகள் இசைவாணிக்கு அப்பா எழுதுவது. இங்கே எனக்கு உடம்புக்கு ஒரு குறையும் இல்லை, அங்கே ஒசாகாவில் நீயும் நேரத்துக்குச் சாப்பிட்டு, தூங்கி, சௌக்கியமாக இருக்க மாரியம்மன் துணையிருப்பாள். நீ வேலை பார்க்கிற அந்த முதியோர் இல்லத்தில் இன்னும் மூன்று வருடம் இருக்கச் சொல்கிறார்கள், கையெழுத்துப் போடவா, ஊருக்கு வந்துவிடவா என்று போனில் கேட்டாய். அம்மாவின் முதல் வருடத் திதிக்குக்கூட வரமுடியவில்லையே, அவளுக்கு என்மேல் கோபம் இருக்குமா என்று கேட்டு அழுதாய். நான் சிக்னல் இல்லை என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன். எழுத்தில் என்றால் நடுவில் குரல் உடையாது, அதனால்தான் இந்தக் கடிதம்.

செவ்வாய்க்கிழமை திதி முடிந்தது. பட்டாசுக் கம்பெனியில் சீசன் வேலை மும்முரம், லீவு கேட்டதற்கு ஃபோர்மேன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார், போகட்டும். நீ சுஷி சாப்பிடுவதை வீடியோவில் பார்த்து, பச்சை மீனைத் தின்கிறாளே, இவள் என்ன பூனையா என்று உன் அம்மா ஏசினாள் அல்லவா, போனை வைத்த பிறகு அது என்ன ருசியாக இருக்கும் என்று என்னைத்தான் நச்சரித்தாள். அதனால் சோறு, பருப்பு, வடையோடு அதையும் படைக்க நினைத்தேன். மீன் இல்லாவிட்டாலும் சுஷிதான், வினிகர் போட்ட சோறுதான் முக்கியம் என்று நீ சொல்லியிருந்தாய். நம் அரிசி ஒட்டவே இல்லை. பிறகு பொங்கல் வைக்கிற பச்சரிசியைக் குழைய வேகவைத்து, நீ அனுப்பிய கடற்பாசித் தாளில் பரப்பி, நடுவில் வெள்ளரிக்காய் வைத்து உருட்டினேன். இத்தனை வருடம் வெடிக்குக் காகிதக் குழாய் உருட்டிய கை, உருட்டுவது மட்டும் பிரமாதமாக வந்தது. தட்டில் கறுப்புக் கறுப்பாக அடுக்கியிருந்ததைப் பார்த்து பக்கத்து வீட்டுக் குருவம்மாள் அத்தை, ஏண்ணே, கம்பெனிச் சரக்கை வீட்டுக்குக் கொண்டாந்துட்டீகளா, அதையும் அடுப்படியிலயா வைப்பீக என்று பதறிப்போனாள். ரொம்ப நாளைக்குப் பிறகு சிரித்தேன். இதைச் சொல்ல உன் அம்மா இல்லையே என்றும் இருந்தது.

மொட்டை மாடியில் இலையைப் போட்டுக் காகத்தைக் கூப்பிட்டேன். ஜப்பானில் இறந்தவர்களுக்கு வைக்கிற சோற்றில் சாப்பிடுகிற குச்சிகளை நட்டு வைப்பார்கள் என்று சொன்னாயே, அந்த மரியாதையும் அவளுக்கு இருக்கட்டும் என்று நீ அனுப்பிய குச்சி இரண்டையும் சோற்றில் நட்டேன். காகங்கள் வந்து கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்தன, கிட்டே வரவில்லை. வெயில் ஏறிவிட்டது, காகம் எடுக்காமல் நான் எப்படிக் கை நனைப்பது. குருவம்மாள் அத்தை மேலே வந்து, மக வரலைன்னு மதினிக்குக் கோவம்ண்ணே, தீவாளிக்கு வந்துருவான்னு ஒரு வார்த்தை சொல்லுங்க, எடுத்துரும் என்றாள். சொல்ல வாயைத் திறந்துவிட்டேன் தாயி. அப்புறம் சொல்லாமல் போய்க் குச்சிகளைப் பிடுங்கினேன். நான் திரும்பி வருவதற்குள் அத்தனையும் இறங்கிவிட்டன, சுஷியில் இருந்த வெள்ளரிக்காயைக்கூட விடவில்லை, கடற்பாசித் தாளை மட்டும் உதறிவிட்டுப் போயின.

ஆகவே அம்மாவுக்கு உன்மேல் கோபம் இல்லை, அந்த நினைப்பை விட்டுவிடு. காகம் குச்சிக்குத்தான் மிரளுகிறது என்பது எனக்கு முதலிலேயே தெரிந்துவிட்டது. தெரிந்தும் பிடுங்காமல் வெயிலில் நின்றேன். கோபமாகவே இருந்துவிட்டால், அதைச் சொல்லி உன்னைக் கூப்பிட்டுவிடலாமே என்று இருந்தது. தனியாக உட்கார்ந்து சாப்பிட முடியவில்லை, அதுதான் உண்மை. அதற்காக உன் அம்மா பெயரைச் சொல்லி உன்னை இழுப்பது நியாயமில்லை.

கையெழுத்துப் போடு. நீ ஊட்டிவிடுகிற அந்தப் பெரியவர்களின் பிள்ளைகளும் எங்கேயோ தூரத்தில்தான் இருக்கும், முகம் சுளிக்காமல் ஊட்டு. குளிரில் காதை மூடிக்கொண்டு போ. பச்சை மீனை அளவாகச் சாப்பிடு. மாரியம்மன் அருளால் ஒரு குறையும் வராது, நன்றாக இரு. ஒன்றை மட்டும் மறக்காதே, ஞாயிற்றுக்கிழமை ராத்திரிச் சாப்பாட்டை முடித்துவிட்டுப் போன் பண்ணாதே, சாப்பிடும்போதே பண்ணு. இங்கே அப்போது வெயில்கூடத் தாழ்ந்திருக்காது, பரவாயில்லை, நானும் தட்டைப் போட்டுக்கொண்டு உட்காருகிறேன்.

உன் அப்பா,
சீனிச்சாமி