வெட்டாத மூன்று நிமிஷம்

என் அன்பு அருளப்பண்ணனுக்கு,

உங்களுக்கு எழுத எனக்கு இன்னும் பயம்தான். நான் முதல் முதலாக எழுதிக் கொடுத்த பாட்டைப் படித்துவிட்டு, "இதுல ஒரு சொல்லும் பொய்யில்ல தங்கச்சி, ஆனா பாதி எழுத்து தப்பு லா" என்று சிரித்தவர் நீங்கள். இப்போது திருத்த ஆளில்லை. தப்போடுதான் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் போய் ஒரு வருஷம் ஆகப்போகிறது. யாராவது விசாரித்தால் ஸ்டெல்லா அண்ணி, "என் வீட்டுக்காரர் படம் எடுத்தவர்" என்கிறார். உடனே, "அப்படியா, எந்த நடிகரை வச்சு?" என்று கேட்கிறார்கள். எஸ்டேட் லோரியில் கிளீனராக இருந்து, பிரிஞ்சாங் போட்டோ கடையில் சேர்ந்து, கல்யாணங்களைச் சின்னக் கேமராவில் பிடித்து வயிற்றைக் கழுவிக்கொண்டே, ரேடியோவும் மேடையும் சேர்த்துக்கொள்ளாத பாட்டுக்காரர்களைத் தேடித் தேடிப் படமெடுத்த மனுஷரை அந்த ஆட்களுக்கு எப்படிப் புரியவைப்பது?

முதலில் எடுத்தது எங்களைத்தான். மூடிக்கிடந்த பழைய தேயிலைத் தொழிற்சாலையின் மாடியில், ஞாயிற்றுக்கிழமை மதியங்களில் கூடுவோம். ஜோசப் கித்தார், மாடசாமி டிரம், நான் பாட்டு. கொழுந்து நிறுக்கும் இடத்தில் கங்காணி எங்களைப் பேசிய பேச்சையெல்லாம் பாட்டாக்கித் தொண்டை கிழியக் கத்தினேன். "இது பாட்டா, பேய் ஓட்டுறதா?" என்று கோயில் கமிட்டித் தலைவர் எங்களைத் திருவிழா மேடையில் ஏறவிடவில்லை. நீங்களோ முதல் நாளே ஒரு மூலையில் உட்கார்ந்து கண்ணைத் துடைத்தீர்கள். கேட்டதற்கு, "தேயிலைத் தூசி விழுந்துருச்சு லா" என்றீர்கள். மூடி ஆறு வருஷமான தொழிற்சாலையில் ஏதண்ணே தூசி?

உங்கள் கேமராவுக்குச் சத்தம் பிடிக்கத் தெரியாது. சத்தத்தைத் தனியாகக் கேசட்டில் பிடித்து, பிறகு படத்தோடு சேர்க்க வேண்டும். அதற்கு நீங்கள் கண்டுபிடித்த வழி வேறு யாருக்கு வரும்? காலையில் வேலைக்கு முன்னால் எஸ்டேட் ஆபீஸ் கிராணி வரிசையில் நிற்கவைத்துப் பேர் வாசிக்கும் பெரட்டு மாதிரி ஒவ்வொருவரையும் பேர் சொல்லிக் கூப்பிடுவீர்கள். பேர் வந்ததும் அவரவர் வாத்தியத்தில் ஒரே ஒரு அடி. படத்தில் கை விழுவதும் கேசட்டில் சத்தம் விழுவதும் ஒன்றானால் போதும், மீதிப் பாட்டு தானாகச் சேர்ந்துவிடும்.

முதல் தடவை "மாடசாமி!" என்று நீங்கள் குரல் கொடுத்ததும் அந்த மடையன் என்ன செய்தான், ஞாபகம் இருக்கிறதா? குச்சியைக் கீழே போட்டுவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு, "இருக்கேன் கிராணி!" என்றான். ஒரு பெட்டி பிலிம் எங்கள் சிரிப்பிலேயே தீர்ந்துபோனது.

கோலாலம்பூரில் அந்தப் படத்தைப் போட்டபோது படித்தவர் ஒருவர் எழுந்து, தொழிலாளியின் அடிமை வாழ்வைப் பெரட்டு மூலம் உணர்த்திய உங்கள் உத்தியைப் புகழ்ந்து தள்ளினாராம். நீங்கள், "அதெல்லாம் ஒன்னுமில்ல சார், சத்தம் சேரணும்ல" என்றீர்களாம். ஒரு பேச்சுக்காவது தலையாட்டியிருக்கக் கூடாதா? உங்களிடம் எனக்குப் பிடித்ததும் அதுதான், எரிச்சலானதும் அதுதான்.

அந்தப் பெரட்டில் என் பேர் மட்டும் வராது. அப்போதுதான் என்னைப் பெண் பார்த்துவிட்டுப் போயிருந்தார்கள். "மூஞ்சி தெரிஞ்சா என் கல்யாணம் போச்சுண்ணே" என்றேன். நீங்கள் வாதாடவில்லை, ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. என் முதுகை, என் பின்னலை, கொழுந்து கிள்ளிக் கறுத்த என் விரலை மட்டுமே எடுத்தீர்கள்.

ஒரே ஒரு நாள்தான் தப்பு நடந்தது. பாதிப் பாட்டில் தகரக் கூரைமேல் மழை சடசடவென்று கொட்ட, மாடசாமி மழைக்குப் போட்டியாக அடிக்க, நான் சிரித்துக்கொண்டே திரும்பிவிட்டேன். கேமரா ஓடிக்கொண்டிருந்தது. பாட்டு முடிந்ததும் உங்கள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். "எனக்கே தெரியல லா, விழுந்துச்சோ இல்லியோ. கழுவி வந்ததும் ஒன்கிட்டயே குடுத்துர்றேன்" என்றீர்கள். சில மாதம் கழித்துச் சுருளைக் கொண்டுவந்து கொடுத்தீர்கள். "நான் போட்டுப் பாக்கல தங்கச்சி. ஒன் மூஞ்சி ஒன்கிட்டயே இருக்கட்டும்."

அதற்குப் பிறகு வெளிநாட்டு அம்மா ஒருவர், பாடுகிற பெண்ணின் முகம் ஒரு காட்சியாவது இருந்தால் எங்கள் நாட்டுத் திரைப்பட விழாவில் உங்கள் படத்தைப் போடுகிறோம் என்றாராம். நீங்கள் "இல்லை" என்று சொல்லிவிட்டு பஸ் ஏறிவிட்டீர்கள். இதுவும் அண்ணி சொல்லித்தான் எனக்குத் தெரியும். என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே அண்ணே! கேட்டிருந்தால் கொடுத்திருப்பேனா என்பது வேறு கதை. கொடுத்திருக்க மாட்டேன். அவ்வளவு கோழை நான்.

நீங்கள் அதற்காக ஓய்ந்துபோகவில்லை. கம்போங் ராஜாவில் காய்கறிக் கொட்டகைக்குள் வாசித்த சீனப் பையன்களை எடுத்தீர்கள். ஈப்போவில் ஒரு கடையின் பின்னறையில் கத்திய நீளமுடி மலாய்ப் பையன்களை எடுத்தீர்கள். அவர்களுக்கும் பெரட்டுதான்! "அவங்க பாஷை புரியுதாண்ணே?" என்றதற்கு, "தொண்ட ஒன்னுதான லா" என்றீர்கள். கல்யாண வேலையில் மிஞ்சும் பிலிமில்தான் இத்தனையும். ஒரு கல்யாண வீட்டுக்கு மாலை மாற்றும் காட்சிக்கு நடுவே ஈப்போப் பையன் தலையை ஆட்டும் காட்சி போய்ச் சேர்ந்து, நீங்கள் வாங்கிக்கட்டிக்கொண்டதை நினைத்து இப்போதும் சிரிக்கிறேன்.

சரி, இப்போதைய சேதிக்கு வருகிறேன். உங்கள் நினைவு நாளில் பிரிஞ்சாங்கில் ஒரு மண்டபம் பிடித்து எல்லாப் படங்களையும் போடப்போகிறோம். "ஒங்கிட்ட ஏதாச்சும் இருக்கா பாக்கியம்?" என்று அண்ணி கேட்டார். அந்தச் சுருள் இருக்கிறதென்று எப்படிச் சொல்வேன்? நான் பாடியது என் வீட்டுக்காரருக்குத் தெரியாதே!

கேளுங்கள் கூத்தை. அவர் பெர்த்தாமிலிருந்து காய்கறி லோரி ஓட்டுகிறார். எங்கள் பாட்டுக் கேசட் கைமாறிக் கைமாறி அவர் லோரிக்கும் வந்து எட்டு வருஷம் ஆகிறது. பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் என்னிடமே, "என்னா தொண்ட லா இவளுக்கு! கட்டிக்கிட்டவன் பாவம்" என்பார். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வேன்.

போன வாரம் சொல்லிவிட்டேன். சோற்றில் கை வைத்தபடி, "அது நாந்தாங்க" என்றேன். அவர் எழுந்து வெளியே போய் லோரியில் உட்கார்ந்து, கேசட்டை முழுக்கப் போட்டுக் கேட்டார். திரும்பி வந்து, "எட்டு வருஷமா என்னைய பைத்தியக்காரனா ஆக்கிட்டியேடி" என்றார். பிறகு மெதுவாக, "அந்தப் படத்த நான் பாக்கலாமா?" என்றார்.

அண்ணி வீட்டில் ஜன்னல் திரையை இழுத்துவிட்டுச் சுருளைச் சுவரில் ஓட்டினோம். முதலில் மாடசாமி. பிறகு என் முதுகு. திரும்புகிறேன், சிரிக்கிறேன். எடுப்புப் பல்லும் கலைந்த முடியுமாக ஒரு பத்தொன்பது வயசுக்காரி. கண் மூடித் திறப்பதற்குள் படம் சாய்ந்து தரைக்குப் போய்விட்டது.

"பிலிம் கெட்டுப்போச்சா?" என்றார் இவர். அண்ணி சுவர்கிட்டே போய் நின்றார். "இல்ல தம்பி. அது அவரு காலு."

சிலிப்பர் போட்ட இரண்டு கால். என் முகத்தைக் கண்ட அந்த நொடியிலேயே கேமராவைக் கீழே இறக்கியிருக்கிறீர்கள். நிறுத்தவில்லை. நிறுத்தினால் நாங்களும் பாட்டை நிறுத்திவிடுவோம் என்று நினைத்தீர்களா? பிலிம் தீரும்வரை உங்கள் வலது கால் எங்களுக்குத் தாளம் போட்டுக்கொண்டே இருக்கிறது. ஊர்ப்பட்ட ஆட்களை எடுத்தீர்கள், உங்களை ஒருவரும் எடுக்கவில்லை. உங்கள் படங்களில் நீங்கள் இருப்பது அந்த ஒரு இடத்தில்தான். நான் வாய்விட்டு அழுதேன். அண்ணி அந்தச் சுவரைத் தொட்டுப் பார்த்தார்.

மண்டபத்தில் படம் ஓட்ட வருபவர், "மூஞ்சி மட்டும் போதும், கால் வர்ற பாகத்த வெட்டிரலாம் லா" என்றார். வெட்டினால் முதலில் என் முகத்தை வெட்டு என்று சொல்லிவிட்டேன். அந்தச் சுருளின் மூன்று நிமிஷமும் அப்படியே ஓடும். நான் என் வீட்டுக்காரரோடு முதல் வரிசையில் உட்கார்ந்திருப்பேன். படத்தில் பாடுவது யார் என்று கேட்கிறவர்களிடம் நான்தான் என்பேன். அந்தக் கால் யாருடையது என்று எவரும் கேட்காமல் போனாலும், எழுந்து நின்று சொல்லிவிட்டுத்தான் உட்காருவேன். இது சத்தியம் அண்ணே.

கூடப்பிறக்காத உங்கள் தங்கச்சி,
பாக்கியம்