பன்னிரண்டாம் தேதி மூட்டை

அன்புள்ள மகனுக்கு,

உன் பிள்ளை என்றைக்குப் பிறக்க வேண்டும் என்பதை உன் விமான டிக்கெட் முடிவு செய்திருக்கிறது. நானும் அப்பாவும் நலம், உன் மனைவியும் நலம், நன்றாகச் சாப்பிடுகிறாள், மாடிப்படி ஏறி இறங்குகிறாள், நீயும் வேளைக்குச் சாப்பிட்டு உடம்பைப் பார்த்துக்கொள். போனில் சொன்னால் நடுவில் புகுந்து என் வாயை அடைத்துவிடுவாய், அதனால் எழுதுகிறேன்.

ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் துணிகளை மூட்டை கட்டி கிருமி சாக நீராவியில் வேகவைக்கும் வேலை எனக்குப் பதினெட்டு வருஷமாகப் பழக்கம், எந்த நாளுக்கு எத்தனை மூட்டை என்று முன்கூட்டியே சீட்டு வந்துவிடும். பிரசவ வலியே எடுக்காத பெண்களுக்குச் சிசேரியன் மூட்டை தயார். ஞாயிற்றுக்கிழமைக்கு மட்டும் சீட்டு வராது, வயிற்றுப் பிள்ளைகளுக்கும் டாக்டரம்மாவுக்கும் அன்று சேர்ந்தாற்போல் லீவு. நேற்று வந்த சீட்டில் அடுத்த மாதம் பன்னிரண்டாம் தேதி, காலை ஒன்பது மணி, உன் மனைவியின் பெயர். விசாரித்தால் நீ பதினொன்றாம் தேதி வந்து இறங்குகிறாயாம், பத்து நாள்தான் லீவாம், டாக்டரிடம் நீயே பேசி முடித்துவிட்டாயாம். அன்றைக்கும் பிள்ளைக்கு மூன்று வாரம் பாக்கி இருக்கும், ஸ்கேனில் ஒரு குறையும் இல்லை. உன் மனைவியைக் கேட்டேன். "எனக்கு வலி வர்ற வரைக்கும் பாக்கலாம்னுதான் இருக்கு அத்தை, என்கிட்ட யாரும் கேக்கலியே" என்றாள், என் முகத்தைப் பார்க்காமல்.

நான் கத்தியைத் திட்டவில்லை. உன் தங்கையின் பிரசவத்தில் பிள்ளைக்குக் கொடி சுற்றி, துடிப்பு விழுந்தபோது அறுத்ததால்தான் இரண்டு உயிரும் நின்றன, அந்த மூட்டையும் நான் கட்டியதுதான். இது அப்படியா? அறுத்தால் காப்பீட்டுக் கம்பெனி முழுசாகக் கொடுக்கும், வலியில் கிடப்பவள் பக்கத்தில் மணிக்கணக்காக உட்காரும் நர்ஸுக்குக் கொடுக்காது, அதனால் அப்படி ஒரு நர்ஸையே இங்கே வைப்பதில்லை. உன் மாமியார் வேறு, வலிபட்டுப் பெறுவதெல்லாம் வசதியில்லாதவர்கள் பாடு என்று சிரிக்கிறார்.

அந்த மூட்டையை நான் கட்டமாட்டேன் என்று மேற்பார்வையாளரிடம் சொல்லிவிட்டேன். "நீ கட்டலன்னா இன்னொருத்தி கட்டுவா, உன் வேலைதான் போகும்" என்றார். போகட்டும்.

நீங்கள் மூவரும் நூறு வருஷம் நன்றாக இருக்க வேண்டும். பாஸ்போர்ட் முடியும் தேதியை ஒருமுறை பார்த்துவிடு. லீவைத் தள்ளிப்போடு, முடியாவிட்டால் பிள்ளை பிறந்தபின் வந்து பார். டாக்டருக்குப் போன் போட்டு அந்தத் தேதியை அழிக்கச் சொல். அதற்கு முன்னால் உன் மனைவிக்குப் போன் போட்டு, உனக்கு என்ன வேண்டும் என்று கேள்.

உன் அம்மா